ஆள் எண்ணிப் புறப்பட்ட பஸ்

பஸ்ஸில் தூரப் பயணம் போவது என்றால் எனக்கு ஒரு நடுக்கம் உண்டு. காரணத்தை உங்களில் பலருக்கு விளக்கத் தேவையில்லை. 2009 மே மாதத்தில் வட்டுவாகல் பாலத்தைக் கடந்து வந்த பின்னர், என் கணவரை நான் கடைசியாகக் கண்டது ஒரு பஸ்ஸின் யன்னலில்தான். "விசாரிச்சுப்போட்டு விட்டுடுவினம், பிள்ளையைப் பார்த்துக்கொள்" என்று சொல்லிவிட்டு ஏறினார். எத்தனை பேரை ஏற்றுகிறார்கள், யார் யாரை ஏற்றுகிறார்கள் என்று எழுதி ஒரு துண்டுக் கடதாசி கூட எங்களுக்குத் தரப்படவில்லை. பஸ் போய்விட்டது.

அப்படிப்பட்ட நான், 2023 செப்ரெம்பர் மாதத்தில் அவுஸ்திரேலியாவின் மேற்குக் கரையோரமாக ஆறு நாட்கள் ஒரு சிறிய பஸ்ஸில் 1,200 கிலோமீற்றருக்கு மேல் பயணம் செய்தேன். ஊருக்குத் திரும்பி வந்த பிறகு எங்கள் மகளிர் சங்கத்துப் பெண்கள் என்னைச் சுற்றி இருந்துகொண்டு, "என்ன கண்டீங்கள், சொல்லுங்கோ அக்கா" என்று கேட்டார்கள். அவர்களுக்குச் சொன்னதைத்தான் உங்களுக்கும் எழுதுகிறேன்.

முதுகுப் பையோடு ஒரு பெரியம்மா

என் தங்கை பேர்த் நகரத்தில் இருபது வருடங்களாக வசிக்கிறாள். அவளுக்கு ஒரு சத்திரசிகிச்சை நடந்தபோது துணைக்கு இருப்பதற்காக மூன்று மாத விசாவில் போயிருந்தேன். அவள் எழும்பி நடமாடத் தொடங்கிய பின், பல்கலைக்கழக விடுமுறையில் இருந்த அவளுடைய மகள் ஒரு நாள் வந்து, "பெரியம்மா, உங்களுக்கும் எனக்கும் பஸ்ஸில் இரண்டு இடம் போட்டிட்டன்" என்றாள்.

அந்நாட்டில் முதுகில் ஒரு பையை மாட்டிக்கொண்டு, மலிவான விடுதிகளில் தங்கி, தாங்களே சமைத்துச் சாப்பிட்டு ஊர் பார்க்கும் இளைஞர் யுவதிகள் அதிகம். அவர்களைப் "பக்பக்கர்" என்பார்கள். அவர்களைச் சிறு குழுவாக ஏற்றிக்கொண்டு கரையோரமாகப் போகும் பஸ் அது. நான் மறுத்தேன். காணாமற் போனவரின் மனைவி உல்லாசப் பயணம் போனாள் என்று ஊரில் யாராவது சொன்னால் என் முகத்தை எங்கே வைப்பது? பொட்டு வைத்தாலும் கதை, வைக்காவிட்டாலும் கதை என்று வாழ்கிறவர்கள் நாங்கள்.

தங்கை ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "அக்கா, நீங்கள் வீட்டுக்குள்ளயே இருந்தால் அத்தான் வந்திடுவாரோ?"

அன்றிரவு அவளோடு கோபத்தில் பேசவில்லை. காலையில் பிள்ளையின் பழைய பாடசாலைப் பையை எடுத்து, இரண்டு சுடிதாரும் ஒரு துவாயும் ஒரு சிறு போத்தலில் மிளகாய்த்தூளும் வைத்தேன். அவருடைய படம் எப்போதும் போல் என் கைப்பையில் இருந்தது.

பஸ்ஸில் இருபது ஆசனங்கள். எங்கள் பைகளையும் உணவுப் பெட்டிகளையும் ஏற்றப் பின்னால் ஒரு இழுவைப் பெட்டி. பயணிகள் பதினாறு பேர். ஜேர்மனி, பிரான்ஸ், கொரியா, ஜப்பான், பிரேசில் என்று பல நாட்டுப் பிள்ளைகள். ஐம்பது வயதைக் கடந்தவள் நான் ஒருத்திதான். சாரதி நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண். பஸ்ஸை ஓட்டுவதும் அவர், ஒலிவாங்கியில் ஊர்க்கதை சொல்வதும் அவர், மத்தியானம் பாண் வெட்டித் தருவதும் அவர். சில்லுக்குக் காற்று குறைந்தால் முழங்காலில் குந்தி இருந்து பார்ப்பதும் அவர்தான்.

புறப்படும்போது கதவடியில் நின்று எங்களை ஒவ்வொருவராக விரலால் எண்ணினார். "பதினாறு" என்று உரக்கச் சொன்னார். அதன் பிறகுதான் சாரதி ஆசனத்தில் ஏறினார்.

கற்கள் நிற்கும் மணல்

பேர்த் நகரை விட்டு ஒரு மணித்தியாலம் போனதும் வீடுகள் குறைந்துவிட்டன. ஒரு பக்கம் கடல், மறு பக்கம் பற்றைக் காடு. வசந்த காலம் என்பதால் பற்றைகளிடையே மஞ்சளும் வெள்ளையுமாகச் சிறு பூக்கள். எங்கள் ஏ9 வீதியில் போல இடையிடையே கடையும் கோயிலும் இல்லை. ஒரு பெற்றோல் நிலையத்தை விட்டால் அடுத்ததற்கு நூறு கிலோமீற்றர் போகவேண்டிய இடங்களும் உண்டு.

ஏறத்தாழ 200 கிலோமீற்றர் வடக்கே செர்வான்டிஸ் என்ற மீன்பிடி ஊர். சிங்கி இறால் பிடிப்பதுதான் அங்கே முக்கிய தொழில். அதற்கு அருகில் "பினக்கிள்ஸ்" என்ற பாலைநிலம். மஞ்சள் மணலில் ஆயிரக்கணக்கான சுண்ணாம்புக் கற்கள் ஆள் உயரத்துக்கும் அதற்கு மேலும் தூண் தூணாக நிற்கின்றன. கடற் சிப்பிகள் அரைந்து மணலாகி, மழை நீரில் கரைந்து இறுகி, பின்னர் காற்று மணலை அள்ளிக்கொண்டு போக, இறுகிய கல் மட்டும் மிஞ்சியது என்று சாரதி விளக்கினார். தூரத்தில் இருந்து பார்த்தால் சனம் கூட்டமாக நிற்பது போலத் தோன்றும். எனக்கு முதலில் வரிசைதான் நினைவுக்கு வந்தது. தண்ணீருக்கும் கஞ்சிக்கும் நின்ற வரிசை.

அங்கிருந்து புறப்படும்போது எண்ணிக்கை பதினைந்தாக இருந்தது. கொரியப் பையன் ஒருவனைக் காணவில்லை. சாரதி பஸ்ஸை நிறுத்திவிட்டு, தொப்பியைப் போட்டுக்கொண்டு கற்களுக்கிடையே நடந்து போனார். இருபது நிமிடங்கள். பின் ஆசனத்தில் ஒருவர் நேரம் போகிறது என்று முணுமுணுத்தார். கடைசியில் பையன் கமராவோடு ஓடி வந்து, எல்லோருக்கும் குனிந்து வணங்கி மன்னிப்புக் கேட்டான். சாரதி அவனை ஏசவில்லை. ஒலிவாங்கியை எடுத்து ஒரு வசனம் மட்டும் சொன்னார். பெறாமகள் அதை எனக்குத் தமிழில் சொன்னாள். "ஒரு ஆள் குறைஞ்சாலும் இந்த பஸ் நகராதாம், பெரியம்மா."

நான் யன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பிள்ளை என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கு விளங்கியிருக்க வேண்டும்.

பின்னேரம் கிரெனஃப் என்ற இடத்தில் சில மரங்களைப் பார்க்க இறங்கினோம். உப்புக் கலந்த தென்காற்று ஓயாமல் அடித்து அடித்து, மரங்கள் வளைந்து கிளைகள் நிலத்தைத் தொடுகின்றன. சாய்ந்து கிடந்தாலும் அவை பட்ட மரங்கள் அல்ல. இலை நிறையத் துளிர்த்திருந்தது.

காத்திருக்கும் பெண்

பேர்த்துக்கு வடக்கே 420 கிலோமீற்றர் அளவில் ஜெரால்ட்டன் என்ற துறைமுக நகரம். இரண்டாம் நாள் காலையில் அங்கே ஒரு சிறு குன்றுக்குக் கூட்டிப் போனார்கள். நினைவுச் சின்னம் என்று மட்டும் எனக்குத் தெரியும்.

குன்றின் மேல் ஒரு பெண் நிற்கிறாள். வெண்கலச் சிலை. 1940களின் உடுப்பு. காற்றில் உடுப்புப் பறக்க, தொப்பியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு கடலைப் பார்த்தபடி நிற்கிறாள். கீழே பெயர் எதுவும் தேவைப்படவில்லை. அவள் யாரென்று எனக்குப் பார்த்தவுடனேயே தெரிந்துவிட்டது. தோழியரே, உங்களுக்கும் தெரிந்திருக்கும்.

இரண்டாம் உலக யுத்தத்தின் போது, 1941 நவம்பர் 19ஆம் திகதி, "சிட்னி" என்ற அவுஸ்திரேலியப் போர்க்கப்பல் இந்தக் கரைக்கு மேற்கே, ஒல்லாந்து நாட்டு வணிகக் கப்பலாக வேடமிட்டு வந்த "கோர்மொரான்" என்ற ஜேர்மன் கப்பலோடு மோதியது. இரண்டு கப்பல்களும் அழிந்தன. ஜேர்மன் கப்பலில் இருந்து 300 பேருக்கு மேல் உயிர் தப்பினார்கள். சிட்னியில் இருந்த 645 பேரில் ஒருவர் கூடத் திரும்பவில்லை. கப்பல் எங்கே மூழ்கியது என்பதும் தெரியவில்லை.

வீடுகளுக்குத் தந்தி போனது. ஆனால் உடலைக் காணாத தாயும் மனைவியும் தந்தியை எப்படி நம்புவார்கள்? ஜப்பானியரின் சிறையில் இருக்கிறார்கள் என்று ஒரு கதை. யாரோ கண்டதாக இன்னொரு கதை. வருடங்கள் போகப் போகக் கதைகள் பெருகின. அந்தப் பகுதியைச் சாரதி சொல்லிக்கொண்டிருந்தபோது எனக்கு மொழிபெயர்ப்பே வேண்டியிருக்கவில்லை. "இன்ன முகாமில் கண்டதாம்", "இன்னாரோடு இருக்கிறாராம்" என்று யாரோ சொல்ல, அடகு வைத்த காசோடு நாங்கள் ஓடிய ஓட்டங்கள் எத்தனை!

அந்தக் குடும்பங்கள் கேட்பதை நிறுத்தவில்லை. தாய்மார் இறந்த பின் பிள்ளைகள் கேட்டார்கள். பிள்ளைகளுக்கு வயதான பின் பேரப்பிள்ளைகள் கேட்டார்கள். 2001இல் இந்த நினைவிடம் திறக்கப்பட்டபோதும் கப்பல் கண்டுபிடிக்கப்பட்டிருக்கவில்லை. 2008 மார்ச் மாதம், ஆழ்கடலில் ஒலி அலை அனுப்பித் தேடும் கருவிகளோடு போனவர்கள் முதலில் ஜேர்மன் கப்பலையும், சில நாட்களில் சிட்னியையும் கண்டார்கள். கரையில் இருந்து 200 கிலோமீற்றர் அளவு தூரத்தில், ஏறத்தாழ 2,500 மீற்றர் ஆழத்தில் கிடந்தது. 66 வருடங்களின் பின்னர்! அடுத்த வருடம், என்ன நடந்தது என்று ஆராய்ந்த விசாரணை அறிக்கையும் வெளிவந்தது.

இன்னொரு விடயமும் சொன்னார்கள். 1942இல் கிறிஸ்மஸ் தீவுக்கு அருகே ஒரு உயிர்காப்பு மிதவையில் ஒரு மாலுமியின் உடல் ஒதுங்கியது. பெயர் தெரியாமலே அடக்கம் செய்தார்கள். 2006இல் அந்த எச்சங்களைத் தோண்டி எடுத்துச் சோதித்தார்கள். 2008இல் ஜெரால்ட்டனில் உள்ள யுத்த மயானத்தில் மீண்டும் அடக்கம் செய்தார்கள். அப்போதும் பெயர் தெரியாது. 2021 நவம்பரில்தான், எச்சத்தின் மரபணுவை உறவினரின் மரபணுவோடு ஒப்பிட்டு, அவர் தோமஸ் வெல்ஸ்பி கிளார்க் என்ற இளம் மாலுமி என்று அறிவித்தார்கள். எண்பது வருடங்கள் கழித்து ஒரு பெயர் திரும்பக் கிடைத்தது. ஆனால் அவரைப் பெற்றவர்கள் அதைக் கேட்க இருக்கவில்லை.

நினைவிடத்தின் நடுவே உருக்குக் கம்பியால் செய்த கடற்புறாக்களை இணைத்து ஒரு கூரை கட்டியிருக்கிறார்கள். "எத்தனை புறா தெரியுமோ பெரியம்மா? அறுநூற்று நாற்பத்தைந்து" என்றாள் பிள்ளை. கறுப்புக் கற்சுவரில் அத்தனை பேரின் பெயரும் இருக்கிறது. நான் ஒவ்வொரு வரிசையாகப் பார்த்துக்கொண்டு நடந்தேன். வாசிக்கத் தெரியாத பெயர்கள். ஆனாலும் ஒரு பெயரையும் விடாமல் பார்க்கவேண்டும் போல இருந்தது.

சுவரடியில் எங்களோடு வந்த ஜேர்மன் யுவதி தனியாக நின்றாள். அவளுக்கு ஒரு சங்கடம், தன் நாட்டுக் கப்பல் செய்ததென்று. என்னைக் கண்டதும் தயங்கித் தயங்கிப் பேசினாள். அவளுடைய பாட்டியின் தகப்பனும் அதே யுத்தத்தில் ரஷ்யாவில் காணாமற் போனவராம். பாட்டி சாகும்வரை, கதவு தட்டும் சத்தம் கேட்டால் தானே போய்த் திறப்பாராம். வேறு யாரையும் திறக்க விடமாட்டாராம்.

நான் கைப்பையைத் திறந்து அவருடைய படத்தை எடுத்துக் காட்டினேன். பெறாமகள் சொல்ல வேண்டியதைச் சொன்னாள். அந்தப் பெண் படத்தை இரண்டு கையாலும் வாங்கிப் பார்த்தாள். பெயர் என்ன என்று கேட்டாள். சொன்னேன். சரியாக உச்சரிக்கும்வரை மூன்று தரம் சொல்லிப் பார்த்தாள். எத்தனையோ அலுவலகங்களில் எத்தனையோ படிவங்களில் அந்தப் பெயரை எழுதிக் கொடுத்திருக்கிறேன். அதைச் சரியாகச் சொல்லவேண்டும் என்று ஒருவர் முயற்சி செய்ததை அன்றுதான் கண்டேன்.

பஸ்ஸுக்கு இறங்கி வரும் வழியில் துறைமுகம் தெரிந்தது. 2013 ஏப்ரல் மாதத்தில் இலங்கையர் 66 பேரை ஏற்றிய ஒரு மீன்பிடிப் படகு பட்டப்பகலில் இந்தத் துறைமுகத்துக்குள் வந்து சேர்ந்தது என்று பிள்ளை சொன்னாள். இந்து சமுத்திரத்தின் அந்தக் கரையில் இருந்து இந்தக் கரைக்கு! வந்து சேர்ந்தவர்களை எண்ணினார்கள். வழியில் தாண்ட படகுகளில் இருந்தவர்களை யார் எண்ணினார்கள் என்று நினைத்துக்கொண்டு ஏறினேன்.

"பதினாறு" என்றார் சாரதி.

இளஞ்சிவப்பு ஏரியும் சிப்பிக் கரையும்

அதற்கு வடக்கே கண்டவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். போர்ட் கிரெகரி என்ற இடத்தில் இளஞ்சிவப்பு நிறத்தில் ஒரு உப்பு ஏரி. சாயம் கலந்தது போல இருக்கும். உப்புத் தண்ணீரில் வளரும் ஒரு வகைப் பாசிதான் அந்த நிறத்தைக் கொடுக்கிறது. கரட்டில் உள்ள அதே சத்து அந்தப் பாசியிலும் உண்டாம்.

கல்பாரி என்ற ஊரில் மேர்ச்சிசன் ஆறு செம்மலையை அறுத்துக்கொண்டு ஓடுகிறது. ஆற்றுக்கு 100 மீற்றர் உயரத்தில், மலை விளிம்பில் இருந்து வெளியே நீட்டியபடி இரும்பு நடைபாலம் கட்டியிருக்கிறார்கள். கால் கூச நடந்தேன். 2021 ஏப்ரல் 11ஆம் திகதி சேரோஜா என்ற புயல் கல்பாரியை அடித்துப் பல வீடுகளை உடைத்தது. இரண்டு வருடங்கள் கழித்தும் வெறும் அத்திவாரத்தோடு நின்ற காணிகளைப் பார்த்தேன். பணக்கார நாட்டிலும் கூரை போனால் திரும்ப வர வருடங்கள் எடுக்கிறது. அதே புயல் ஹமலின் பூல் என்ற இடத்துப் பலகை நடைபாதையையும் உடைத்திருந்ததால், உலகின் மிகப் பழைய உயிர் வகைகளில் ஒன்று கட்டுகின்ற பாறைகளை அங்கே கிட்ட நின்று பார்க்கக் கிடைக்கவில்லை.

சார்க் பே பகுதியில் ஒரு கடற்கரை. அங்கே மணலே இல்லை. விரல் நகத்தளவு வெள்ளை மட்டிச் சிப்பிகள் மட்டும், பல மீற்றர் ஆழத்துக்குக் குவிந்து பல கிலோமீற்றர் நீளத்துக்குக் கிடக்கின்றன. காலத்தோடு இறுகிய சிப்பியைக் கல்லாக அறுத்து டென்ஹாம் ஊரில் ஒரு தேவாலயமும் கட்டியிருக்கிறார்கள். எங்கள் கரையோரத்துப் பழைய முருகைக்கல் வீடுகள் ஞாபகம் வந்தன.

மங்கி மாயாவில் காலையில் டொல்பின்கள் முழங்கால் ஆழத்துக்கு வந்து மீன் வாங்குகின்றன. முன்பு கணக்கில்லாமல் கொடுத்தார்களாம். தாய் டொல்பின்கள் கரையிலேயே நின்றதால் குட்டிகள் வேட்டை பழகாமல் இறந்தன. இப்போது ஒரு சிலவற்றுக்கு மட்டும், அளவாகத்தான் கொடுக்கிறார்கள். நிவாரண வரிசையில் நின்று பழகிய எனக்கு அதில் யோசிக்க நிறைய இருந்தது.

"தீவுகளைப் பார்க்காதே"

நான்காம் நாள் கார்னார்வன். பாலைநிலத்துக்கு நடுவே வாழைத் தோட்டம்! மாமரமும் பப்பாசியும் உண்டு. அங்குள்ள கஸ்கொய்ன் ஆறு வருடத்தில் பெரும்பகுதி மணலாகத்தான் கிடக்கும். தண்ணீர் மணலுக்கு அடியில் ஓடுகிறது. அதை இறைத்துத்தான் தோட்டம் செய்கிறார்கள். வாழைக்குலையைக் கண்டதும் ஊருக்கு வந்தது போல இருந்தது.

அன்றிரவு விடுதிச் சமையலறையில் நான் சமைத்தேன். மைசூர்ப் பருப்பும் வெங்காயமும் தேங்காய்ப்பால் பேணியும் கடையில் இருந்தன. என் போத்தல் மிளகாய்த்தூளும் சேர்ந்தது. பதினேழு பேருக்குச் சோறும் பருப்பும் உருளைக்கிழங்குக் கறியும். ஜப்பானியப் பிள்ளை வெங்காயம் வெட்டினாள். பிரேசில் பையன் சோறு வடித்தான். மூன்று நாட்களாக அவர்களுக்கு நான் யாரோ ஒரு வயதான பெண். அன்றிலிருந்து எல்லோருக்கும் "பெரியம்மா". சொல்லின் பொருள் தெரியாமலே கூப்பிட்டார்கள்.

மறுநாள் காலை கடற்கரையில் ஒரு நினைவுச் சிலை பார்த்தோம். இந்தக் கரைக்கு எதிரே கடலில் பேர்னியர், டோர் என்று இரண்டு தீவுகள் உண்டு. 1908 முதல் 1919 வரை, நோயுற்றவர்கள் என்று சந்தேகித்த பழங்குடி மக்களைப் பல ஊர்களில் இருந்தும் பிடித்து, பலரைச் சங்கிலியில் பிணைத்துக் கொண்டுவந்து, ஆண்களை ஒரு தீவிலும் பெண்களை மற்றத் தீவிலும் அடைத்தார்கள். ஆஸ்பத்திரி என்று பெயர். பலர் திரும்பவில்லை. எத்தனையோ புதைகுழிகளுக்கு அடையாளம் இல்லை. அந்தத் துயரத்தைத் தாங்க முடியாமல் பழங்குடி மூத்தவர்கள் தங்கள் பிள்ளைகளுக்கு, "தீவுகளைப் பார்க்காதே" என்று சொல்லி வளர்த்தார்களாம். 2019இல் அங்கே வைத்த சிலைக்கும் அந்த வார்த்தைகளையே பெயராக வைத்திருக்கிறார்கள்.

ஜெரால்ட்டனில் காத்திருக்கும் பெண் கடலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். இங்கே காத்திருந்தவர்களுக்குக் கடலைப் பார்க்கவும் மனம் வரவில்லை. முன்னவளுக்கு நாடே தேடிக் கொடுத்தது. பின்னவர்களுக்கு, நூறு வருடங்கள் கழித்து ஒரு சிலையாவது வந்தது. யாருடைய கண்ணீரை எண்ணுவது, யாருடையதை விடுவது என்ற கணக்கு எல்லா நாட்டிலும் நடக்கிறது என்பதை அந்த இரண்டு இடங்களும் எனக்குக் காட்டின.

முழங்கால் அளவு தண்ணீர்

மகரக் கோட்டைக் கடக்கும் இடத்தில் வீதியோரம் ஒரு அறிவிப்புப் பலகை. அதைத் தாண்டிச் சிறிது தூரத்தில் கோரல் பே. நிங்கலூ என்ற முருகைக்கற் பாறைத் தொடர் அங்கே கரையோடு ஒட்டி இருக்கிறது. 2011இல் உலக மரபுரிமையாக அறிவிக்கப்பட்ட இடம். படகு தேவையில்லை. கரையில் இருந்து இறங்கி நடந்தாலே முருகைக்கல்லைப் பார்க்கலாம்.

பிள்ளைகள் எல்லோரும் ஓடிப்போய்க் குதித்தார்கள். நான் மணலில் இருந்தேன். நான் கடற்கரையில் பிறந்தவள். கரைவலை இழுக்கும் சத்தத்தில் வளர்ந்தவள். 2004 டிசம்பர் 26இல் அந்தக் கடல் எங்கள் வீட்டையும் என் மூத்த பிள்ளையையும் கொண்டுபோனது. பிறகு 2009இல் அதே கரையில் பதுங்குகுழி வெட்டி இருந்தோம். அதன் பின் கடலில் நான் கால் வைக்கவில்லை. வீட்டில் இருந்து கடல் இரண்டு மைல்தான்.

பெறாமகளும் ஜேர்மன் பிள்ளையும் வந்து முன்னால் நின்றார்கள். "முழங்காலளவுக்கு மட்டும் பெரியம்மா. வேண்டாமெண்டால் திரும்பி வருவம்." சுடிதாரோடு இறங்கினேன். தண்ணீர் குளிர்ந்தது. இடுப்பளவு ஆழத்தில் நின்று, முகத்தில் கண்ணாடியை மாட்டிக் குனிந்து பார்த்தேன்.

பெரிய பெரிய கோவாப்பூ விரிந்தது போல முருகைக்கல். நீலமும் மஞ்சளுமாக மீன்கள் என் காலைச் சுற்றிப் போயின. சத்தமே இல்லை. கடலுக்கு இப்படியும் ஒரு முகம் இருந்தது, சிறுவயதில் நானும் அதைப் பார்த்திருக்கிறேன், இடையில் மறந்துவிட்டேன். இரண்டு பக்கமும் இரண்டு பிள்ளைகள் என் கையைப் பிடித்திருந்தார்கள். நிமிர்ந்தபோது பெறாமகள், "கண்ணாடிக்குள்ள தண்ணி போயிட்டுதோ?" என்று கேட்டாள். ஓம் என்றேன்.

அன்று பின்னேரம் தூரத்தில் ஒரு திமிங்கிலம் நீரைப் பீச்சியடித்தது. குளிரான தென்கடலுக்குக் குட்டியோடு திரும்பிப் போகும் காலமாம். எல்லோரும் எழும்பி நின்று பார்த்தார்கள். நானும் சத்தம் போட்டேன். அப்படிச் சத்தம் போட்டு எத்தனை வருடம் என்று பிறகுதான் நினைத்தேன்.

கடைசி எண்ணிக்கை

ஆறாம் நாள் எக்ஸ்மவுத் நகரத்தில் பயணம் முடிந்தது. பைகளை இறக்கிய பின்னும் சாரதி கதவடியில் நின்று எங்களை ஒரு தரம் எண்ணினார். "பதினாறு. ஏற்றிய அத்தனை பேரையும் இறக்கிவிட்டேன்" என்று சிரித்தார். அவருக்கு அது தொழிலில் ஒரு வழக்கம். எனக்கு அது நீதி என்ற சொல்லின் பொருள் போல இருந்தது. ஏற்றியவர்கள் இறக்கிய கணக்கைச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் நாங்கள் கேட்பது. 2017 பெப்ரவரியில் கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்றலில் தாய்மார் வீதியோரம் இருந்து கேட்கத் தொடங்கியதும் அதைத்தான். அந்தக் கொட்டகையில் நானும் இருந்திருக்கிறேன். அங்கே இருந்த தாய்மார் சிலர் பதில் கிடைக்காமலே கண்ணை மூடிவிட்டார்கள்.

தோழியரே, அந்தப் பயணத்தால் என் காத்திருப்பு முடியவில்லை. ஆனால் இரண்டு காரியங்கள் செய்திருக்கிறேன். உங்களையும் செய்யச் சொல்லித்தான் இவ்வளவும் எழுதினேன்.

முதலாவது, ஒரு கோப்பு. அவருடைய முழுப்பெயர், பிறந்த திகதி, கடைசியாகக் கண்ட இடம், திகதி, நேரம், உடுத்திருந்த உடுப்பு, உடைந்த பல், பழைய காயத் தழும்பு, கூட ஏறியவர்களில் தெரிந்தவர்களின் பெயர்கள் என்று எல்லாவற்றையும் எழுதி, படத்தோடும் இதுவரை கொடுத்த முறைப்பாடுகளின் பிரதிகளோடும் ஒன்றாக வைத்திருக்கிறேன். எங்கே இருக்கிறது என்று மகளுக்குக் காட்டியிருக்கிறேன். சிட்னி மாலுமிகளுக்கு 66 வருடங்களும் கிளார்க்குக்கு 80 வருடங்களும் எடுத்தன. எங்களுடைய ஞாபகம் எங்களோடு போய்விடக் கூடாது. எழுதத் தெரியாத தாய்மாருக்கு, எழுதத் தெரிந்த நாங்கள் பக்கத்தில் இருந்து எழுதிக் கொடுக்கலாம்.

இரண்டாவது, வெளியே போவது. காத்திருக்கிறவள் வீட்டு மூலையிலேயே காத்திருக்கவேண்டும் என்று ஒரு சட்டமும் இல்லை. அவுஸ்திரேலியா வேண்டாம். எங்கள் சங்கத்துப் பெண்கள் பன்னிரண்டு பேர் போன தைப்பொங்கலுக்குப் பிறகு ஒரு வானைப் பிடித்துத் திருகோணமலைக்குப் போய் வந்தோம். கோணேசர் கோயிலில் கும்பிட்டு, வெந்நீர்க் கிணற்றில் குளித்து, கட்டிக்கொண்டு போன புட்டையும் சம்பலையும் கடற்கரையில் இருந்து சாப்பிட்டோம். மூன்று பேர் கடலில் கால் நனைத்தார்கள். மற்றவர்கள் அடுத்த முறை நனைப்பார்கள்.

திரும்பிப் புறப்படும்போது நான் கதவடியில் நின்று எண்ணினேன். பன்னிரண்டு. அதன் பிறகுதான் வானை எடுக்கச் சொன்னேன்.